ஸ்டியரிங்கில் பாட்டுப் பட்டன் வேலை செய்யவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கார் ஒயரிங் வேலை பார்க்கிறேன். ஸ்டியரிங்கில் சத்தம் கூட்ட, பாட்டு மாற்ற, போன் எடுக்க என்று இருக்கும் பட்டன்கள் மக்கர் செய்தால், வருகிறவர்கள் வாசலிலேயே "பாட்டு செட்டை மாத்திடலாமாண்ணே?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பட்டனோட சேர்ந்து வேற என்ன போச்சு?" ஹாரன் அடிக்கிறதா, ஏர்பேக் விளக்கு எரிகிறதா, இரவில் பட்டனுக்குள் வெளிச்சம் வருகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள பதில்களும் பெரும்பாலும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

முதலில் செட்டில் உள்ள பட்டனையோ திரையையோ அமுக்கிச் சத்தம் கூடுகிறதா பாருங்கள். அதிலேயே கூடவில்லை என்றால் கோளாறு செட்டில். ஸ்டியரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. செட்டில் கூடுகிறது, ஸ்டியரிங்கில் மட்டும் இல்லை என்றால் அடுத்து ஹாரன். ஹாரனும் போய், ஏர்பேக் விளக்கும் அணையாமல் நின்றால் சந்தேகம் நேராக கிளாக் ஸ்பிரிங் மேல், அதாவது சுற்றும் ஸ்டியரிங்கையும் கீழே உள்ள ஒயரையும் இணைக்கும் நாடா கேபிள் மேல் போகும். ஹாரன் நன்றாக அடிக்கிறது, எல்லாப் பட்டனும் செத்துவிட்டது என்றால் செட்டுக்குப் பின்னால் உள்ள கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் சொருகி), எர்த் (கரண்ட் வண்டி உடலுக்குத் திரும்பும் இணைப்பு), செட்டிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பட்டன் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் அந்தப் பட்டன்தான். பாட்டு மாற்றும் பட்டனுக்கும் போன் பட்டனுக்கும் மட்டும் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பாட்டு மாற்றும் பட்டன் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை. சத்தம் மட்டும் ஒழுங்காகக் கூடுகிறது.

எதில் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று கவனியுங்கள். பென்டிரைவில் அந்தப் பட்டன் அடுத்த பாட்டுக்குப் போகும். எஃப்எம்மில் அடுத்த நிலையத்துக்குப் போகும். ஆக்ஸ் ஒயர் குத்தி போனிலிருந்து கேட்டால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அந்த ஒயரில் ஒலி மட்டும்தான் வருகிறது, போனுக்கு உத்தரவு போக வழியில்லை. இது கோளாறே இல்லை. இதற்காகத் திருவாரூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு. காசு வாங்கவில்லை, டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

ஆறேழு பட்டன் இருக்கிறது, ஒயர் இரண்டுதான் வருகிறது. எப்படி வேலை செய்கிறது?

நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். ஒரு வாய்க்கால். அதில் ஆறு மதகு, ஒவ்வொன்றும் வேறு வேறு அகலம். எந்த மதகைத் திறக்கிறீர்களோ அதற்கேற்ற அளவு வாய்க்காலின் மட்டம் இறங்கும். தலைமடையில் நிற்கிற லஸ்கர், அதாவது தண்ணீர் திறந்துவிடும் ஊழியர், மட்டத்தை மட்டும் பார்த்தே "மூணாவது மதகைத் திறந்துட்டானுவ" என்று சொல்லிவிடுவார்.

செட்டு அந்த லஸ்கர். ஒயரில் சின்ன மின்னழுத்தம் ஒன்றை, பெரும்பாலும் 3.3 அல்லது 5 வோல்ட் அளவில், வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் வேறு வேறு அளவில் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்துக்குத் தடை போடும் சின்ன உறுப்பு. பட்டனை அமுக்கினால் அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குப் போய் மின்னழுத்தம் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, இது சத்தம், இது அடுத்த பாட்டு என்று செட்டு பிரித்துக்கொள்ளும். எந்தப் பட்டனுக்கு எத்தனை ஓம் (தடையின் அளவு) என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

புதிய வண்டிகள் பலவற்றில் இந்த முறை இல்லை. ஸ்டியரிங்குக்குள்ளேயே சின்ன சர்க்யூட் உட்கார்ந்து, எந்தப் பட்டன் என்பதை டிஜிட்டல் செய்தியாக அனுப்பும். லின், கேன் என்று சொல்வது அதைத்தான். அங்கே ஓம் அளந்து பிரயோஜனமில்லை; வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சத்தம் கூட்டும் பட்டனை அமுக்கினால் பாட்டு மாறுகிறது. பேய் புகுந்துவிட்டதா?

மதகில் குப்பை அடைத்திருக்கிறது. பட்டனுக்கு அடியில் உள்ள கரித்திட்டு தேய்ந்தாலோ, அழுக்கு ஏறினாலோ, கப்ளரில் களிம்பு பிடித்தாலோ, ரெசிஸ்டரின் அளவோடு இன்னும் கொஞ்சம் தடை கூடிவிடும். 300 ஓம் காட்ட வேண்டிய பட்டன் 700 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டு அதைப் பக்கத்துப் பட்டன் என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு பட்டன் மட்டும் தப்பாகப் போனால் அந்தப் பட்டனில் அழுக்கு. எல்லாப் பட்டனும் ஒரே திசையில் நகர்ந்து போயிருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த்திலோ கப்ளரிலோ கோளாறு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங் சுவிட்சுகளையே மொத்தமாக மாற்றி, மாற்றிய பிறகும் அதே கோளாறோடு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது சத்தம் தானாக ஏறிக்கொண்டே போகிறது.

ஏதோ ஒரு பட்டன் அமுங்கியே கிடக்கிறது. அது விடுபடும் வரை மற்ற பட்டன்களும் சரியாகப் பேசாது. ஒரு மதகு திறந்தே கிடந்தால் மட்டம் எப்போதும் தப்பாகத்தானே காட்டும்?

முதலில் ஸ்டியரிங் கவரைக் கழற்றுங்கள். தடியான கவர் போட்டு, அதன் ஓரம் பட்டன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கயிறு, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் அதையும் நகர்த்திப் பாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது ஆயுத பூஜை. பூஜை முடிந்த மறுவாரம் எங்களுக்கு இந்த வேலை நிச்சயம் வரும். ஸ்டியரிங் நடுவில் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைப்பார்கள். தண்ணீராகக் குழைத்த சந்தனம் வழிந்து பட்டன் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிடும். போன வருஷம் ஒரு வண்டியில் சுவிட்சைப் பிரித்தபோது, ரப்பர் திட்டின் அடியில் விபூதி டப்பாவின் ஓரத்தில் படிவதுபோல் மஞ்சளாக ஒரு வளையம், அதன் மேல் குங்குமத் துகள். பட்டன் உள்ளே போகிறது, வெளியே வர இடமில்லை. பிரஷ்ஷால் தட்டி, கிளீனர் தொட்டுத் துடைத்ததும் சரியாகிவிட்டது. பொட்டு வைப்பதை யாரும் நிறுத்தப் போவதில்லை. கெட்டியாகக் குழைத்து, பட்டனுக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள், போதும்.

வளைவில் திரும்பும்போது மட்டும் பட்டன் வேலை செய்யவில்லை. நேராக வந்தால் சரியாகிவிடுகிறது.

கிளாக் ஸ்பிரிங். சில கம்பெனிகள் ஸ்பைரல் கேபிள் என்கின்றன, சில கான்டாக்ட் காயில், சில கேபிள் ரீல். பொருள் ஒன்றுதான். ஸ்டியரிங் சுற்றுகிறது, அதன் கீழே உள்ள தண்டின் உறை சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒயர் முறுக்கி அறுந்துபோகாமல் இருக்க, தட்டையான நாடா கேபிள் ஒன்று பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சுருள் சுருளாகக் கிடக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒடித்தால் ஏறக்குறைய மூன்று சுற்று வரும். அத்தனைக்கும் அந்த நாடா விரிந்து சுருங்கி ஈடுகொடுக்கிறது. ஏர்பேக், ஹாரன், பாட்டுப் பட்டன், வேகத்தை ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் பட்டன், பட்டனின் உள்வெளிச்சம் எல்லாம் அந்த ஒரே நாடா வழியாகத்தான் போகின்றன. அதனால்தான் "சேர்ந்து வேற என்ன போச்சு" என்று கேட்கிறேன்.

நாடாவில் ஒரு கம்பி விரிசல் விட்டால், சில கோணத்தில் ஒட்டும், சில கோணத்தில் விடும். நவக்கிரகச் சுற்றுலா ஓட்டும் வண்டிகளில் இது சீக்கிரம் வருகிறது என்பது என் கணிப்பு. ஆலங்குடி, திருநாகேஸ்வரம், கஞ்சனூர், சூரியனார்கோயில், வைத்தீஸ்வரன்கோயில் என்று ஒரே நாளில் ஒன்பது கோயில். ஒவ்வொரு சந்நிதித் தெருவிலும் நின்ற இடத்திலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துத் திருப்ப வேண்டியிருக்கும். சனீஸ்வரனை விட அந்தத் தெருக்கள்தான் கிளாக் ஸ்பிரிங்குக்குக் கெடுதல்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பாட்டுப் போடுங்கள். ஸ்டியரிங்கை இடது கோடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி, சத்தப் பட்டனையும் ஹாரனையும் அமுக்கிக்கொண்டே வலது கோடி வரை வாருங்கள். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விட்டுப் போகிறது என்றால் வேறு சந்தேகமே வேண்டாம். இதை ராத்திரி பத்து மணிக்கு அக்ரஹாரத்தில் செய்ய வேண்டாம்.

ஸ்டியரிங்கை மேலும் கீழும் சாய்த்துச் சரிசெய்யும்போது மட்டும் விட்டுப் போனால் கிளாக் ஸ்பிரிங் நல்லதாக இருக்கலாம். தண்டின் அடியில் இழுபடும் ஒயரையும் கப்ளரையும் முதலில் பாருங்கள்.

ஏர்பேக் விளக்கும் எரிகிறது. பட்டன்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. சாவி போட்டதும் அந்த விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் ஏர்பேக் முறையில் ஏதோ கோளாறு. கிளாக் ஸ்பிரிங்கில் ஏர்பேக் கம்பி அறுந்திருந்தால், விபத்தின்போது டிரைவர் பக்கப் பை விரியாமலே போகலாம். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதனால் இந்த வேலை இப்போது எந்தச் சின்ன வண்டிக்கும் பொருந்தும். பாட்டு இல்லாமல் வேளாங்கண்ணி வரை போகலாம். இந்த விளக்கோடு போகாதீர்கள்.

யூடியூப் பார்த்து நானே ஸ்டியரிங்கைப் பிரிக்கலாமா?

பெரும்பாலான வண்டிகளில் பட்டன் சுவிட்சை எடுக்க முதலில் ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். அது வெடித்து விரிகிற பொருள். பழக்கமில்லாதவர் கை வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வேலைக்கு விடும்போது இவற்றைக் கவனியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் குறைந்தது பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஏர்பேக் பெட்டிக்குள் தேங்கிய மின்சாரம் வடிய நேரம் வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகம் அதற்கும் மேலே சொன்னால் அதுவே கணக்கு. ஏர்பேக்கின் கப்ளர் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதில் மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைத்தால் அந்தக் கடையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கழற்றிய ஏர்பேக்கை, கம்பெனி முத்திரை மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். குப்புற வைத்தால், தவறி விரியும்போது அது பந்துபோல் எகிறும்.

கிளாக் ஸ்பிரிங் புதிதாகப் போட்டு இரண்டே வாரம். மறுபடி போய்விட்டது. பொருள் மட்டமா?

பொருள் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் போட்ட விதத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். புது கிளாக் ஸ்பிரிங் நடு நிலையில் பூட்டி வரும். பூட்டை எடுத்தபின் கையில் வைத்துச் சுற்றிவிட்டு அப்படியே மாட்டினால், ஒரு பக்கம் நாடா மீதி இருக்கும், மறுபக்கம் பற்றாது. முழுக்க ஒடிக்கும்போது பட்டென்று அறுந்துவிடும்.

சரியான முறை இது: முன் சக்கரம் நேராக இருக்க வேண்டும். கிளாக் ஸ்பிரிங்கை மெதுவாக ஒரு கோடி வரை சுற்றி, அங்கிருந்து மறுகோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்து, மேலே உள்ள குறிகளை ஒன்றாக்கிய பிறகே மாட்ட வேண்டும். ஸ்டியரிங்கைக் கழற்றும்போதும் தண்டிலும் ஸ்டியரிங்கிலும் கோடு போட்டு வைத்திருக்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் சென்சாரும் இதோடு சேர்ந்து வரும். அதற்கு ஸ்கேனரில் நடுநிலை சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்த கிளாக் ஸ்பிரிங் மட்டும் வேண்டவே வேண்டாம். அது எத்தனை திருப்பம் கண்டது என்று யாருக்கும் தெரியாது.

ஆண்ட்ராய்டு செட்டு புதிதாகப் போட்டேன். ஸ்டியரிங் பட்டன் ஒன்றும் வேலை செய்யவில்லை.

புதுச் செட்டுக்கு உங்கள் பட்டன்களைத் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு செட்டுகளில் செட்டிங்கில் ஸ்டியரிங் என்று ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்து, ஸ்டியரிங்கில் சத்தம் கூட்டும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, திரையில் அதற்குரிய படத்தைத் தொடுங்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் சேமியுங்கள். சேமிக்காமல் வெளியே வந்துவிட்டு "பதியவே மாட்டேங்குது" என்று போன் செய்கிறவர்கள் உண்டு.

அமுக்கியும் திரையில் அசைவே இல்லை என்றால் ஒயர் சேரவில்லை. செட்டின் பின்னால் கீ 1, கீ 2 என்று ஒயர் வரும். அவை வண்டியின் ஸ்டியரிங் ஒயரோடு சேர வேண்டும். ஸ்டியரிங் பக்கத்து எர்த்தும் செட்டின் எர்த்தோடு சேர வேண்டும். அந்த எர்த்தை விட்டுவிட்டுப் போகிற வேலைக்காரர்கள்தான் எனக்கு அடுத்த வேலை தருகிறவர்கள். எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரே பட்டனாகப் பதிகிறது என்றால் பெரும்பாலும் எர்த் இல்லை, அல்லது ஒயர் மாறியிருக்கிறது.

கேன் முறை வண்டி என்றால் நடுவில் கேன் பாக்ஸ் என்று சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். பெட்டி இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், செட்டிங்கில் வண்டி மாடல் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆண்ட்ராய்டு அல்லாத பிராண்டு செட்டுகளில் ஒயர் ரிமோட் என்று தனித் துளையோ ஒயரோ இருக்கும். அதற்கேற்ற அடாப்டர் இல்லாமல் நேராக முறுக்கிவிட்டால் நடக்காது.

பேட்டரி மாற்றியதிலிருந்து பட்டன் போய்விட்டது.

சில செட்டுகள் மின்சாரம் போனதும் கற்றதை மறந்துவிடும். மறுபடி சொல்லிக் கொடுங்கள். தினமும் சாவியை எடுக்கும்போதே மறந்துபோனால், செட்டின் மஞ்சள் ஒயருக்கு நிரந்தரக் கரண்ட் வரவில்லை. சாவியோடு வரும் சிவப்பு ஒயரிலேயே இரண்டையும் முறுக்கியிருப்பார்கள்.

போன் எடுக்கும் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை.

புளூடூத் இணைப்பில் பாட்டு மட்டும் அனுமதித்து, அழைப்பை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று போனில் பாருங்கள். இல்லையென்றால் இணைப்பை இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். அப்புறமும் இல்லை என்றால்தான் பட்டன்.

ஹெட்லைட் போட்டதும் பட்டன் குழம்புகிறது. பகலில் நன்றாக இருக்கிறது.

எர்த்து. பல வண்டிகளில் பட்டனின் உள்வெளிச்சமும் பட்டனும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்ளும். எர்த் முனை தளர்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால், விளக்குக் கரண்ட் அங்கே போக வழியில்லாமல் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறும், செட்டின் கணக்கு தவறும். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீரும். இந்த மாதிரி வேலைதான் எனக்குப் பிடித்த வேலை. ஸ்பேர் செலவே இல்லை.

மழைக்காலத்தில்தான் இந்தத் தொந்தரவு. ஏன்?

ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அதில் உப்பும் சேரும். கப்ளர் முனையில் பச்சைக் களிம்பு பிடிக்க இது போதும். வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் தண்ணீர் ஸ்டியரிங் வரை ஏறியிருக்காது. ஆனால் கால்மிதிக்குக் கீழேயும் பக்கப் பலகைக்குப் பின்னாலும் உள்ள எர்த் முனையும் கப்ளரும் நனைந்திருக்கும். அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் களிம்பு ஏறியதும் ஒவ்வொன்றாகப் படுக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது வேதாரண்யம் பக்கம்தான். அதில் நனைந்த வண்டிகளில் அடுத்த கோடை வரை கப்ளர் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

எலி கடித்திருக்குமா?

தாராளமாக. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிக்குப் போக்கிடம் வேண்டும். கொட்டகையில் நிற்கிற கார் அதற்கு மாடி வீடு. பானெட்டுக்குள் வைக்கோல் துண்டு, நெல் உமி, புழுக்கை கிடந்தால் டேஷ்போர்டுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடிபட்ட ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல், ஈயப் பற்று வைத்து, சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போட வேண்டும். மருந்து வைத்தால் எலி ஏசிக் குழாய்க்குள் போய்ச் செத்து, அந்த நாற்றம் பாட்டுப் பட்டனை மறக்கடித்துவிடும். கொட்டகை ஓரம் நம் தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியை வையுங்கள்.

மல்டிமீட்டர் இருக்கிறது. என்ன அளக்கலாம்?

செட்டை வெளியே இழுத்து, ஸ்டியரிங் ஒயர் உள்ள கப்ளரைப் பிடுங்குங்கள். வண்டிப் பக்கத்து ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் வைத்து ஒவ்வொரு பட்டனாக அமுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண் வந்து அசையாமல் நின்றால் பட்டனும் கிளாக் ஸ்பிரிங்கும் நல்லவை. கோளாறு செட்டுப் பக்கம். எண் குதித்தால் அழுக்கு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எண் மறைந்தால் கிளாக் ஸ்பிரிங். எந்தப் பட்டனுக்கும் ஒன்றுமே வரவில்லை என்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. இது ரெசிஸ்டர் முறை வண்டிக்கு மட்டும். மஞ்சள் கப்ளர் பக்கம் போகாதீர்கள் என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

சுத்தம் செய்ய எதைத் தெளிக்கலாம்?

நேராகத் தெளிக்கவே வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டு இடுக்கைத் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் பட்டால் எழுத்தும் பிளாஸ்டிக்கும் போகும். டேஷ்போர்டு பாலிஷும் கூடாது. பளபளக்கும், ஆனால் பட்டனுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிகிரி காபி கொட்டியிருந்தால் காயும் முன்னே ஈரத் துணியால் துடையுங்கள். பாலும் சர்க்கரையும் காய்ந்தால் கோந்துதான்.

ஸ்டியரிங் சுவிட்சுகளையே மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். அளந்து காட்டினால் ஒப்புக்கொள்ளுங்கள். "எல்லா வண்டிக்கும் இதாங்க போகும்" என்றால் யோசியுங்கள். வாரண்டியில் உள்ள வண்டி என்றால் வெளியே யாரையும் பிரிக்க விடாமல் ஷோரூமுக்குப் போவது நல்லது. கரித்திட்டு தேய்ந்த பழைய சுவிட்சில் சிலர் பென்சில் கரி தேய்த்துக் கொடுப்பார்கள். அது கொஞ்ச நாள் ஓடும். ஊருக்குப் போகிற அவசரத்துக்கு நானும் செய்து கொடுத்திருக்கிறேன், நிரந்தரம் என்று சொல்லி அல்ல.

பழைய வண்டி, ஸ்பேர் கிடைக்கவில்லை. வேறு வழி?

ஸ்டியரிங்கில் பட்டி போட்டு மாட்டுகிற சின்ன ஒயர்லெஸ் ரிமோட் வருகிறது. அதன் ரிசீவரைச் செட்டின் கீ ஒயரில் சேர்த்து, புதுப் பட்டனைச் சொல்லிக் கொடுப்பதுபோலவே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டாமல், ஸ்டியரிங் வளையத்திலோ கம்பியிலோ மாட்டுங்கள். உள்ளே பொத்தான் பேட்டரி. அது தீர்ந்ததும் மறுபடி "பட்டன் வேலை செய்யலைண்ணே" என்று கிளம்பி வர வேண்டாம், பெட்டிக் கடையிலேயே கிடைக்கும்.